பாதியில் இறங்கினால் கோழையா? ‘பிரெஞ்சு சரண்டர்’ கிண்டலும் கடலூர் கோட்டையின் கணக்கும்

விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பும் சைக்கிள் குழுக்களின் வாட்ஸ்அப்பில் இந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருக்கலாம். 200 கிலோமீட்டர் ரைடு. 130 தாண்டியதும் ஒருவர், “முடியலப்பா, முட்டி போச்சு, நான் பஸ் ஏறிட்டேன்” என்று மெசேஜ் போடுவார். அடுத்த நிமிடம் வெள்ளைக்கொடி ஸ்டிக்கர் வந்து விழும். “என்ன ப்ரோ, பிரெஞ்சு ஆர்மியா?” என்று ஒரு கமென்ட். கீழே நாலு பேர் சிரிப்பு எமோஜி.

பிரெஞ்சுக்காரர்கள் என்றால் சண்டை தொடங்கும் முன்பே கையைத் தூக்குபவர்கள் என்ற இந்த ஜோக் உலகம் முழுக்க ஓடுகிறது. டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் பிரெஞ்சு வீரர் ஒருவர் பாதியில் விலகினால் போதும், 1940ஐ இழுத்து மீம் போட்டுவிடுவார்கள். ஆனால் இதே ஜோக்கைக் கடலூர் பக்கத்து ஆள் ஒருவர் அடித்தால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். பண்ருட்டிக்கும் கடலூருக்கும் இடையே அண்ணாகிராமம் ஒன்றியத்துச் சாலைகளில் சைக்கிள் மிதிப்பவர், பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மாறி மாறிச் சரணடைந்த மண்ணில்தான் போய்க்கொண்டிருக்கிறார். அதுவும், கடலூர்க் கோட்டைக் கணக்கில் ஆங்கிலேயர் சரணடைந்ததே அதிகம்.

சைக்கிளை விட்டு இறங்குவது என்றால் என்ன?

முதலில் பந்தயத்துக்கு வருவோம். டூர் தெ பிரான்ஸ் மூன்று வாரம், 21 கட்டங்கள் கொண்டது. ஒரு நாள் விட்டால் மறுநாள் சேர்ந்துகொள்ள முடியாது. ஒவ்வொரு நாளும் வெற்றியாளரின் நேரத்தை வைத்து ஒரு கெடு கணக்கிடப்படும். அதற்குள் வராதவர் வெளியே. தானாக விலகுபவரின் முதுகில் இருக்கும் எண் அட்டை கழற்றப்படும். கடைசி ஆளுக்குப் பின்னால் ‘துடைப்ப வண்டி’ என்ற பெயரில் ஒரு வேன் வரும். 1910இலிருந்து இந்த வழக்கம் உண்டு. பின்தங்கியவர்களைப் பெருக்கி அள்ளிக்கொண்டு வருவதால் அந்தப் பெயர்.

இந்தப் பந்தயத்தில் விலகுவது அபூர்வமே இல்லை. முதல் உலகப் போர் முடிந்த கையோடு 1919இல் நடந்த பந்தயத்தில் 67 பேர் கிளம்பினார்கள். முடித்தவர்களாகப் பட்டியலில் நின்றவர்கள் 10 பேர். இன்றைக்கு நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் பல பேர் பாதியில் வீடு திரும்புகிறார்கள். 2025 ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக்கில் இரட்டைத் தங்கம் வென்ற பெல்ஜியத்தின் ரெம்கோ எவனபோல், ஒட்டுமொத்தப் பட்டியலில் மூன்றாவது இடத்தில் இருந்தபோது டூர்மாலே மலை ஏற்றத்தில் சைக்கிளை விட்டு இறங்கினார். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வழியில் நின்ற ஒரு பையனிடம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார். பெல்ஜியம்காரர் என்பதால் யாரும் நாட்டு வரலாற்றைத் தோண்டவில்லை.

பிரான்ஸின் திபோ பினோவுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. 2019இல் அவர் ஐந்தாவது இடத்தில், வெற்றிக்கு எட்டும் தூரத்தில் இருந்தார். முடிய மூன்று நாள்தான் பாக்கி. தொடைத் தசை கிழிந்து, அழுதுகொண்டே காரில் ஏறினார். 1985இல் பெர்னார் ஈனோ வென்ற பிறகு ஆண்கள் பந்தயத்தில் பிரெஞ்சுக்காரர் ஒருவரும் ஜெயிக்கவில்லை என்பதால், அந்தக் கண்ணீர் ஒரு நாட்டின் கண்ணீராகவும் ஒரு நாட்டின் கேலிச்சித்திரமாகவும் ஒரே நேரத்தில் சுற்றியது.

அதே ஈனோவின் கதையைப் பாருங்கள். 1980இல் மஞ்சள் ஜெர்ஸி அவர் உடம்பில் இருந்தது. அதாவது பந்தயத்தில் அவர்தான் முதலிடம். முட்டி நரம்பு வீங்கிப்போய், போ நகரத்தில் இரவோடு இரவாக விலகினார். பத்திரிகைகள் கிழித்தெடுத்தன. ஏழு வாரம் கழித்து, ஆகஸ்ட் கடைசியில், சலான்ஷ் நகரத்தில் உலக சாம்பியன் ஆனார். அதற்குப் பிறகு டூர் பட்டத்தை இன்னும் மூன்று முறை வென்றார். அன்று அந்த முட்டியோடு மலை ஏறியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இறங்க மறுத்தவர்களின் கதையும் உண்டு. 1967 ஜூலை 13. வோந்து மலையில் கொளுத்தும் வெயில். பிரிட்டனின் டாம் சிம்ப்சன் விழுந்தார், மறுபடி சைக்கிளில் ஏற்றி விடச் சொன்னார், சிறிது தூரத்தில் மீண்டும் விழுந்து இறந்தார். வயது 29. ஊக்கமருந்தும் வெயிலும் மதுவும் சேர்ந்த மரணம் அது. 2020இல் பிரான்ஸின் ரோமன் பார்தே பலமாக விழுந்து, எழுந்தபோது தள்ளாடினார். ஆனாலும் ஓட்டி முடித்தார். மாலையில் ஸ்கேன் எடுத்தபோது மூளையில் சிறிய ரத்தக் கசிவு. பிறகுதான் விலகினார். தலையில் அடிபட்டவரை எப்படிச் சோதிப்பது என்ற தனி நெறிமுறையை சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பு அறிவித்தது அந்த ஆண்டின் இறுதியில்தான்.

இன்னொரு சின்னக் கணக்கும் இருக்கிறது. டூரில் வழக்கமாக அதிக எண்ணிக்கையில் கிளம்புவது பிரெஞ்சு வீரர்கள். அதிகம் பேர் கிளம்பினால் விலகுபவர் பட்டியலிலும் அவர்கள் பெயர் அதிகம் இருக்கத்தான் செய்யும். சதவீதம் பார்க்காமல் தலையை எண்ணினால் எந்த நாட்டையும் கோழை ஆக்கிவிடலாம்.

ஜோக் எங்கிருந்து வந்தது?

ரொம்பப் பழசு என்று நினைக்கிறோம். உண்மையில் இப்போது ஓடும் வடிவத்துக்கு வயது முப்பதுதான். 1995இல் ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரில், பாலாடைக்கட்டி தின்னும் சரணாகதிக் குரங்குகள் என்று பிரெஞ்சுக்காரர்களை ஒரு பாத்திரம் திட்டும். அது வெறும் கார்ட்டூன் வசவாகவே போயிருக்கும். 2003இல் இராக் மீது படையெடுப்பதை ஐ.நா.வில் பிரான்ஸ் எதிர்த்தது. அமெரிக்காவில் போருக்கு ஆதரவானவர்கள் அந்தக் கார்ட்டூன் வரியைத் தூசி தட்டி எடுத்தார்கள். நாடாளுமன்ற கேன்டீனில் பிரெஞ்சு ஃப்ரைஸ் என்ற பெயரை ‘சுதந்திர ஃப்ரைஸ்’ என்று மாற்றினார்கள். ஆக, ஒரு போருக்கு வரமாட்டேன் என்று சொன்ன நாட்டை அவமானப்படுத்த எடுத்த ஆயுதம் இது. இராக்கில் பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. ஜோக் மட்டும் நின்றுவிட்டது.

கொஞ்சம் பின்னோக்கிப் போனால், அமெரிக்க விடுதலைப் போரில் 1781இல் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்ததற்குப் பிரெஞ்சுக் கடற்படையின் முற்றுகை முக்கியக் காரணம். அந்தப் போரின் கடைசிச் சண்டைகளில் ஒன்று நடந்த இடம் எது தெரியுமா? நம்ம கடலூர்.

தேவனாம்பட்டினத்தில் கொடி இறங்கிய நாட்கள்

கடலூர் சில்வர் பீச்சுக்குப் போகிறவர்கள் தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையின் மிச்சத்தைப் பார்த்திருப்பார்கள். 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி மராட்டியரிடமிருந்து வாங்கிய கோட்டை இது. பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை உள்ள ஊர்கள் எல்லாம் சேர்த்து விற்பனை என்று பேச்சு. குண்டு விழுந்த எல்லைக்குள் வந்தவைதான் ‘குண்டு கிராமங்கள்’.

1746 செப்டம்பரில் சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் வீழ்ந்தது. சரணடைந்தது ஆங்கிலேயர். ராபர்ட் கிளைவ் அப்போது ஒரு சின்ன குமாஸ்தா. மாறுவேடத்தில் தப்பி வந்து சேர்ந்தது இந்தக் கடலூர்க் கோட்டைக்குத்தான். அடுத்த சில ஆண்டுகள் சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையகமே இங்கேதான் இருந்தது. 1750இல் பிரெஞ்சுப் படை உள்நாட்டுக்குள் வந்து, அப்போது கோட்டையாகப் பயன்பட்ட திருவதிகைக் கோயிலைக் கைப்பற்றியது. அண்ணாகிராமம் பக்கத்திலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரம்.

1758இல் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி வந்தார். ஜூன் 2ஆம் தேதி புனித டேவிட் கோட்டை அவரிடம் சரணடைந்தது. கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்துத் தள்ளினார்கள். இன்று நாம் அங்கே பார்ப்பது மிச்சம் மட்டும்தான்.

உள்ளே படைக்குத் தலைமை வகித்தவர் பொலியே என்ற மேஜர். சுவிட்சர்லாந்துக்காரர். சீக்கிரமே கொடியை இறக்கிவிட்டார் என்று அவர்மீது பழி விழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, பொலியே தானாக முன்வந்து எதிர்த்தாக்குதலில் இறங்கினார், காயமுற்று இறந்தார். ‘சரண்டர்’ என்ற ஒரு சொல் ஒரு மனுஷனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிட உதாரணம் தேட வேண்டியதில்லை.

இப்போது லாலியின் முறை. 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோற்றார். ஒவ்வோர் ஊராக இழந்து, கடைசியில் புதுச்சேரிக்குள் அடைபட்டார். தரையில் ஐர் கூட்டின் படை, கடலில் ஆங்கிலேயக் கப்பல்கள். நகரத்தில் சாப்பாடு தீரத் தீர, நவம்பர் கடைசியில் லாலி ஒரு முடிவெடுத்தார். நகரத்தில் இருந்த உள்ளூர் மக்களில் சுமார் 1,400 பேரை, பெண்கள் குழந்தைகள் உட்பட, வெளியே துரத்தினார். ஆங்கிலேயக் காவல் அவர்களை வெளியே விடவில்லை. பிரெஞ்சுக் காவல் திரும்ப உள்ளே விடவில்லை. இரண்டு படைகளுக்கும் நடுவே, கிடைத்த வேரையும் புல்லையும் தின்றுகொண்டு சுமார் ஒரு வாரம் கிடந்தார்கள். பிறகுதான் கூட் வழிவிட்டார். போரில் யார் வீரன், யார் கோழை என்று இரு தரப்பும் எழுதிவைத்த பக்கங்களில் இந்த 1,400 பேருக்குப் பெயர்கூட இல்லை.

1761 புத்தாண்டு அன்று புயல் அடித்தது. கரையோரம் ஆங்கிலேயக் கப்பல்கள் பல மூழ்கின. கடலூர்க்காரர்களுக்கும் புதுச்சேரிக்காரர்களுக்கும் புயலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. முற்றுகை உடையும் என்று உள்ளே இருந்தவர்களுக்கு ஒரு நம்பிக்கை வந்திருக்கும். மிஞ்சிய கப்பல்கள் சில நாட்களில் மறுபடி வந்து நின்றன. ஜனவரி 16ஆம் தேதி புதுச்சேரி சரணடைந்தது. அந்த நகரத்தின் அன்றாடத்தைப் பல ஆண்டுகள் நாட்குறிப்பாக எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை இறந்ததும் அதே ஜனவரியில்தான்.

பல மாத முற்றுகை, பட்டினி, புயல் எல்லாம் தாண்டி வந்த இந்தச் சரணடைவைச் ‘சட்டென்று கை தூக்கியது’ என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பிரான்ஸ் அப்படித்தான் சொன்னது. லண்டனில் போர்க்கைதியாக இருந்த லாலி, தன்மீது குற்றச்சாட்டு கிளம்புவதைக் கேள்விப்பட்டு, பரோல் கேட்டு வாங்கித் தானாகவே பிரான்ஸ் திரும்பினார். பாஸ்தீய் சிறையில் அடைத்தார்கள். அரசரின் நலனுக்குத் துரோகம் செய்தார் என்று தீர்ப்பு. 1766 மே 9ஆம் தேதி பாரிஸில், பேச முடியாதபடி வாயைக் கட்டி, தலையை வெட்டினார்கள். எழுத்தாளர் வோல்த்தேரும் லாலியின் மகனும் விடாமல் போராடியதில், 1778இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. தலை போய் 12 வருஷம் ஆகிவிட்டிருந்தது.

சரணடைவதை அவ்வளவு சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் நாடா இது?

ஒரு விஷயம் கவனித்தீர்களா? ‘ஆங்கிலேயக்’ கோட்டையைச் சரணடையச் செய்த பொலியே சுவிஸ்காரர். ‘பிரெஞ்சுத்’ தளபதி லாலியின் அப்பா அயர்லாந்துக்காரர். இரு தரப்பிலும் துப்பாக்கி தூக்கியவர்களில் பெரும்பகுதி இந்த ஊர்ச் சிப்பாய்கள். இதில் எந்த நாட்டின் ‘ரத்தத்தில்’ கோழைத்தனம் ஊறியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முடிந்துபோன போருக்காகச் செத்தவர்கள்

1782 ஏப்ரலில் கடலூரை மறுபடி பிரெஞ்சுப் படையும் ஹைதர் அலியின் படையும் பிடித்தன. மறுபடி சரணடைந்தது ஆங்கிலேயர். அடுத்த ஆண்டு ஜூனில் மீட்க வந்தார் ஜெனரல் ஸ்டூவர்ட். உள்ளே, வயதாகி உடம்பு தளர்ந்த பூஸி. ஜூன் 13ஆம் தேதி ஊருக்கு வெளியே நடந்த சண்டையில் பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் சுமார் 1,000 பேர் கொல்லப்பட்டார்கள் அல்லது காயமுற்றார்கள். ஜூன் 20ஆம் தேதி கடலில், சுப்ரென் 15 கப்பல்களோடு 18 ஆங்கிலேயக் கப்பல்களை எதிர்கொண்டு, அவற்றைச் சென்னைக்குத் திரும்ப வைத்தார். ஜூன் 25ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையிலிருந்து பாய்ந்து வந்து தாக்கித் தோற்றார்கள்.

யாரும் விடவில்லை. யாரும் கொடியை இறக்கவில்லை. மாத இறுதியில் ஒரு கப்பல் செய்தியோடு வந்தது: ஐரோப்பாவில் சமாதானம். பூர்வாங்க ஒப்பந்தம் கையெழுத்தானது ஜனவரி 20ஆம் தேதி. அதாவது கடலூரில் அந்த ஜூன் மாதம் செத்த அத்தனை பேரும், ஐந்து மாதத்துக்கு முன்பே முடிவுக்கு வந்துவிட்ட ஒரு போருக்காகச் செத்தார்கள். பிறகு 1785இல், ஒப்பந்தப்படி, ஒரு குண்டும் சுடாமல் கடலூர் ஆங்கிலேயரிடம் திரும்பிவிட்டது.

1940இல் உண்மையில் என்ன நடந்தது?

ஜோக்கின் மையம் இந்த ஆண்டுதான். அதனால் தாண்டிப் போக முடியாது. பிரான்ஸ் ஆறு வாரத்தில் தோற்றது உண்மை. ஜெர்மானியப் படை ஆர்டென் காடு வழியாக வராது என்று தளபதிகள் போட்ட கணக்கு தப்பானதும் உண்மை. ஜூன் 22ஆம் தேதி போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டு, அதன் பிறகு ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி அரசின் வெட்கக்கேடும் உண்மை. அதற்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. ஆனால் அந்த ஆறு வாரத்தில் பிரெஞ்சு வீரர்கள் சுமார் 60,000 பேர் இறந்தார்கள். டன்கிர்க்கிலிருந்து ஆங்கிலேயர்கள் கப்பலேறித் தப்பிக்க அவகாசம் கிடைத்ததில், லீல் நகரத்தில் சுற்றிவளைக்கப்பட்டும் நாலு நாள் தாக்குப்பிடித்த பிரெஞ்சுப் படைக்குப் பங்கு உண்டு. பிரிட்டனுக்கு நடுவில் ஒரு கடல் இருந்தது, பிரான்ஸுக்கு இல்லை. இரண்டு ஆண்டு கழித்து சிங்கப்பூரில் ஜப்பானியர்களிடம் பிரிட்டிஷ் தலைமையிலான சுமார் 85,000 பேர் சரணடைந்தார்கள். நம் தமிழர்களும் அதில் உண்டு. அதை வைத்து யாரும் ஸ்டிக்கர் செய்யவில்லை.

அதே 1940 செப்டம்பரில், ஆளுநர் லூயி போன்வின் தலைமையில் புதுச்சேரி, விஷி அரசை உதறிவிட்டு தெ கோலின் பக்கம் சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் முதலில் அப்படிச் சேர்ந்தவற்றில் ஒன்று நம் பக்கத்து ஊர். பாகூர் பக்கம், புதுச்சேரி நகரம் பக்கம் ‘சொல்தா’ குடும்பம் என்று சொன்னால் தெரியும். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்கள், இன்றும் அங்கிருந்து பென்ஷன் வாங்கும் வீடுகள். முதல் உலகப் போரில் பிரான்ஸ் இழந்த சுமார் 13 லட்சம் வீரர்களில் இங்கிருந்து போனவர்களும் உண்டு. அவர்களுக்காக 1938இல் திறந்த நினைவுச்சின்னம்தான் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நிற்பது. டூர் தெ பிரான்ஸ் வென்ற மூன்று பேர், பெத்தி-பிரத்தோன், ஃபாபெர், லபீஸ், அதே போரில் திரும்பி வரவில்லை. ‘பிரெஞ்சு ஆர்மியா?’ என்ற கேள்வி சொல்தா வீட்டுப் பேரன் இருக்கும் குரூப்பிலும் வந்து விழுகிறது என்பதை ஸ்டிக்கர் போடுபவர் யோசித்திருக்க மாட்டார்.

இந்தக் கண்ணாடியை நம் பக்கம் திருப்பினால்

இந்தியாவில் நெடுந்தூர சைக்கிள் ஓட்டுபவர்கள் ‘ப்ரெவே’ என்று சொல்வார்கள். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்தில், 300ஐ 20 மணியில், 400ஐ 27 மணியில், 600ஐ 40 மணியில் முடிக்க வேண்டும். இதன் விதிகள், அங்கீகாரம் எல்லாம் பாரிஸில் உள்ள ஒரு கிளப்பிலிருந்து வருகின்றன. ஆக, வெள்ளைக்கொடி ஸ்டிக்கர் போடும் நம் ஆட்கள் ஓட்டுவதே பிரெஞ்சுக்காரர்களின் விளையாட்டு.

இதன் உச்சம் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ்: 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம். 2019இல் இந்தியாவிலிருந்து பெரிய பட்டாளமே போனது. பெரும்பாலானோரால் நேரத்துக்குள் முடிக்க முடியவில்லை. எதிர்க்காற்று, ராத்திரிக் குளிர், தொடர்ந்து ஏற்ற இறக்கம். ஈசிஆரில் சமதரையில், 30 டிகிரி வெப்பத்தில் பழகிய உடம்புக்கு இது வேறு உலகம். ‘இந்தியர்கள் என்றாலே டிஎன்எஃப்’ என்று அங்கே ஒருவர் முடிவு கட்டினால் நமக்கு எப்படி இருக்கும்? குளிரையும் மலையையும் காரணம் சொல்வோம். அது நியாயமான காரணமும்கூட. 1761இன் பட்டினியும் 1940இன் காடும் அதே மாதிரிக் காரணங்கள்தான். கேட்க மட்டும் நமக்குப் பொறுமை இருப்பதில்லை.

கிண்டலுக்கு ஒரு நடைமுறை விளைவு உண்டு, அதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. ஸ்டிக்கருக்குப் பயந்து, தலைசுற்றலோடு, தூக்கக் கலக்கத்தோடு, லாரி ஓடும் நெடுஞ்சாலையில் ராத்திரி இன்னும் 60 கிலோமீட்டர் மிதிப்பவர்கள் இருக்கிறார்கள். ப்ரெவே ஒரு போட்டியே கிடையாது; யார் முதல், யார் கடைசி என்ற தரவரிசை அதில் இல்லை. விழுந்து தலையில் அடிபட்டிருந்தாலோ, வியர்வை நின்று குளிர் எடுத்தாலோ, ஒரு நிமிடம் கண் சொக்கிப் போனாலோ, சைக்கிளை ஓரம் கட்டிவிடுங்கள். கடலூர், பண்ருட்டி, விழுப்புரம் என்று எந்தப் பக்கம் இருந்தாலும் பஸ்ஸோ ரயிலோ கிடைக்கும். சைக்கிளை ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர் சொன்னால், பக்கத்து டீக்கடையில் பேசி விட்டுவிட்டு மறுநாள் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று: விலகியவுடன் ரைடு நடத்துபவருக்கு போன் செய்து சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டால், உங்களைத் தேடி ஒருவர் ராத்திரி முழுக்க ரோட்டில் அலைந்துகொண்டிருப்பார்.